குருணையா, குச்சியா: ப்ரெய்ரி டாக் வேட்டைக்குத் தோட்டா அடைக்கும் கணக்கு

பெயரில்தான் நாய் இருக்கிறது, ப்ரெய்ரி டாக் அணில் குடும்பம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா மேய்ச்சல் நிலங்களில் வளை தோண்டி, மாடு தின்ன வேண்டிய புல்லைத் தீர்த்துவிடும். நிமிர்ந்து நிற்கும்போது அகலம் மூன்று நான்கு அங்குலம்தான். அதை 300 கெஜத்தில் குறிபார்க்க வேண்டும். ஒரு நாளிலேயே இருநூறு முந்நூறு தோட்டா செலவாகும் என்பதால், கடைத் தோட்டா கட்டுப்படியாகாமல் பலர் காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே அடைத்துக்கொள்கிறார்கள். அங்கே அதிகம் காணப்படும் .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையை வைத்தே இந்த ஒப்பீடு.

முதலில் மருந்து, அதாவது குண்டைத் தள்ளும் வெடிமருந்து. குருணை மருந்துக்கு எச்335, குச்சி மருந்துக்கு வார்கெட் என்று எடுத்துக்கொள்வோம். இரண்டையும் விற்பது ஹாட்ஜ்டன் நிறுவனம்தான்.

குருணை மருந்து செய்யும் முறை 1933இல் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் ஃபிரெட் ஓல்சன் உருவாக்கியது. எச்335 அந்த வழியில் வந்த ராணுவ மருந்தின் உறவுக்காரன். அளவைக் கருவியில் போட்டால் கடுகு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கும். நெம்புகோலை ஆயிரம் முறை இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு விழும், பத்தில் ஒரு கிரெயின் முன்பின் இருக்கலாம். (7000 கிரெயின் ஒரு பவுண்டு. அந்தப் பத்தில் ஒன்று எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) வார்கெட் அப்படியில்லை. ஆஸ்திரேலியாவில் தயாராகும் இந்த மருந்து, பொடியாக நறுக்கிய சேமியா போல இருக்கும். கருவியின் வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு நறநறவென்று வெட்டுப்படும். தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் போடுகிறவருக்குக் கவலை இல்லை. முந்நூறு தோட்டா அடைக்க உட்கார்ந்தவருக்கு முதுகு போய்விடும்.

இதுவரை குருணைக்குத்தான் வெற்றி. ஆனால் ஆட்டம் நடப்பது ஜூலையில்.

குளிர்காலத்தில், 5 டிகிரியில், உச்ச அளவுக்குப் பக்கத்தில் ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்து வைக்கிறீர்கள். புல்வெளியில் 38 டிகிரி வெயில், சுட்டுச் சுட்டுக் குழலும் கொதிக்கிறது, தோட்டா அந்தச் சூட்டில் துப்பாக்கிக்குள் அரை நிமிடம் காத்துக் கிடக்கிறது. எச்335க்கு வெப்பம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகும், துப்பாக்கியின் பின்புறத்தை மூடும் போல்ட் இறுகிக்கொள்ளும், குண்டு விழும் இடமும் மாறும். வார்கெட்டை இந்த வெப்பக் கோளாறு அதிகம் பாதிக்காத மாதிரியே வடிவமைத்திருக்கிறார்கள். பலர் சொல்வது போல அதைப் பொத்தாம் பொதுவாக ‘சிறந்த மருந்து’ என்று நான் சொல்ல மாட்டேன். இலகு குண்டுக்கு அது கொஞ்சம் மெதுவாக எரிகிற மருந்து. கூடு நிறைந்துவிடும், வேகம் மட்டும் எதிர்பார்த்த அளவு வராது.

நடுவழி இருக்கிறது. ஐஎம்ஆர் 8208 எக்ஸ்பிஆர், பெஞ்ச்மார்க் இரண்டும் குச்சி மருந்துதான், ஆனால் குட்டையாக நறுக்கியவை. கருவியில் ஒழுங்காக இறங்கும், வெயிலுக்கும் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. என் ஓட்டு 8208க்கு.

அப்புறம் குண்டு. ஹார்னடி நிறுவனத்தின் வி-மேக்ஸ் வரிசையிலேயே மூன்று எடை பார்ப்போம்: 40, 50, 55 கிரெயின். காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் காட்டும் எண் முறையே .200, .242, .255. இலகு குண்டு வேகமாகக் கிளம்பும், கிட்டத்தில் கோடு போட்டதுபோல் போகும், ஆனால் சீக்கிரம் வேகம் இழக்கும். 55 கிரெயின் குண்டு விநாடிக்கு 3240 அடி வேகத்தில் கிளம்பினால், மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில், 300 கெஜத்தில் சுமார் 10 அங்குலம் ஒதுங்கும். 40 கிரெயின் குண்டு அதைவிட ஓர் அங்குலம் கூடுதலாக ஒதுங்கலாம், அவ்வளவுதான். காற்றைத் தப்பாகக் கணித்தால் எந்தக் குண்டும் காப்பாற்றாது. ஆனால் தூரம் கூடக்கூட இந்த வித்தியாசம் வளரும். 200 கெஜத்துக்குள் மட்டும் சுடுகிறவர் 40ஐ எடுக்கலாம். மற்றவர்களுக்கு 50 போதும். 50க்கும் 55க்கும் நடுவே சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

சியரா நிறுவனத்தின் மேட்ச்கிங் குண்டு காகித இலக்கில் சின்னத் துளைகளாக அடுக்கும். அதைப் பார்த்து மயங்கி வேட்டைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அது போட்டிக்காகச் செய்த குண்டு. சிறு விலங்கில் விரியாமல் ஊடுருவிப் போகலாம், கெட்டித் தரையில் பட்டுத் தெறித்தும் போகலாம். பக்கத்தில் மாடு மேயும் நிலத்தில் அந்த ஆபத்து எதற்கு? வி-மேக்ஸ், பிளிட்ஸ்கிங் போன்ற முனையில் பிளாஸ்டிக் வைத்த குண்டுகள் பட்ட இடத்திலேயே உடைந்து போகும்.

வாங்கும் முன் குழலின் புரியை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளைப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 வரை நிம்மதி, 69 கிரெயின் நீளக் குண்டு அதில் தடுமாறும். கலிஃபோர்னியாவாக இருந்தால் வேறு வழியே இல்லை, 2019 ஜூலை முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஹார்னடியின் 35 கிரெயின் என்டிஎக்ஸ் போன்ற ஈயமில்லாக் குண்டுகள்தான். இலகுவானவை, காற்றில் கஷ்டம்.

ஆக, என் மேசையில் 8208உம் 50 கிரெயின் வி-மேக்ஸும். மருந்தின் எடையை நான் இங்கே எழுதவில்லை. அதை மருந்து நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்து, கீழ் அளவிலிருந்துதான் ஏற வேண்டும். கடையில் 8208 இல்லை என்றால், பல சமயம் இருக்காது, எச்335 வாங்கலாம். ஆனால் அந்தக் கலவையை டிசம்பரில் சோதிக்காமல், வெயில் கொளுத்தும் நாளில் சோதித்து, உச்ச அளவுக்கு நன்றாகக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.