பன்னிருவரும் எஞ்சியோரும்: ஒரு மகளிர் பாடசாலையின் வலைப்பந்தாட்டப் பயிற்சி

யாழ்ப்பாணத்து மகளிர் பாடசாலை ஒன்றின் 16 வயதுக்குட்பட்டோர் வலைப்பந்தாட்டப் பயிற்சிக்கு என் மகள் இரண்டு ஆண்டுகளாகச் சென்று வருகிறாள். தங்கள் பிள்ளைகளையும் சேர்க்க நினைக்கும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "உயரம் வேணுமோ?" என்பதைத்தான். ஈவினையில் பிறந்து, 2.08 மீற்றர் உயரத்தோடு இலங்கை அணியின் வளையத்தடியில் நின்று 2018 இல் ஆசியக் கிண்ணத்தை வெல்லத் துணைநின்ற தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்த ஊரில் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் 3.05 மீற்றர் உயரத்திலிருக்கும் அந்த வளையம், கோல் வட்டத்துக்குள் நுழையக்கூடிய நால்வரின் கவலை மட்டுமே. இரு வட்டங்களையும் தவிர்த்துத் திடல் முழுவதும் ஓடவேண்டிய சென்டருக்கு உயரத்தைவிடக் காலும் மூச்சுமே வேண்டும்.

இப்பாடசாலையின் தெரிவு முறை இதை அறிந்தே அமைக்கப்பட்டிருக்கிறது. தை மாதத்தில் மூன்று நாட்கள் நடக்கும் தெரிவுக்கு விரும்பிய எவரும் வரலாம். சென்ற ஆண்டு 38 பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாளிலேயே அளவுநாடாவை எடுத்து உயரம் பார்க்கும் வழக்கம் இங்கே இல்லை. பந்தை வாங்கியதும் எந்தக் கால் முதலில் நிலத்தில் படுகிறது, மூன்று வினாடிகளுக்குள் பந்தை யாரிடம் கொடுக்கிறாள், பந்து கையில் இல்லாதபோது எங்கே ஓடுகிறாள் என்பவற்றைப் பயிற்றுவிப்பாளர் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்கிறார். அணிக்குத் தெரிவாகும் பன்னிருவர் பட்டியலில் இடம்பெறாதவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் இரண்டாம் அணியாக வைத்திருப்பதும், புதன்கிழமைகளில் அவர்களை முதல் அணியோடு மோதவிடுவதும் இப்பயிற்சியின் சிறப்பு. நாலடி பத்து அங்குலம்கூட நிரம்பாத என் மகள் அப்படியொரு புதன்கிழமையில்தான் சென்டருக்குரிய "சி" பட்டியை முதன்முதலாக அணிந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் அணியில் செவிப்புலன் குறைந்த பிள்ளை ஒருத்தி, எதிரணியின் கோல் முயற்சியைத் தடுக்கும் ஜீ.டி. (கோல் டிபென்ஸ்) நிலையில் விளையாடுகிறாள். மத்தியஸ்தரின் விசில் கேட்காமல் அவள் தொடர்ந்து ஓடிவிடுவதால் ஆரம்பத்தில் வீண் தண்டங்கள் கிடைத்தன. இப்போது விசில் ஊதியதும் அவளுக்கு எதிரே நிற்பவள் இரு கைகளையும் உயர்த்துகிறாள். அயற்பாடசாலைகளோடு சிநேகபூர்வ ஆட்டம் நடக்கும்போது பயிற்றுவிப்பாளர் மத்தியஸ்தரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். பணமோ புதிய கருவியோ தேவைப்படாத இந்த ஏற்பாட்டை எல்லாப் பாடசாலைகளும் செய்யலாம்.

எனக்குள்ள குறை வலய மட்டப் போட்டி பற்றியது. இந்த ஆண்டு பன்னிருவரில் ஒருத்தியாக என் மகளும் தெரிவானாள். அன்று நடந்த மூன்று ஆட்டங்களில் அவளும் இன்னொரு பிள்ளையும் ஒரு கால்பகுதிகூட விளையாடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் மூன்றாம் கால்பகுதி முடிந்தபோது எங்கள் அணி 14 கோல்களால் முன்னிலையில் இருந்தது. இடைவேளையில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்ற விதி இடம் தருகிறது. அப்படியிருந்தும் மாற்றவில்லை. பின்னர் கேட்டபோது, "வெல்லுற ரீமைக் கலைக்கேலாது, அம்மா" என்றார் பயிற்றுவிப்பாளர். நெருக்கமான ஆட்டமொன்றில் அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். வெற்றி உறுதியான பிறகும் வாங்கில் இருத்தி வைப்பதானால், தை மாதத்தில் அத்தனை கவனமாகத் தெரிவு செய்ததன் பயன் என்ன?

தெரிவாகாத பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லப்படாததும் ஒரு குறையே. கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறது; ஆனால் அறிவித்தல் பலகையில் பெயர்கள் மட்டுமே ஒட்டப்படுகின்றன. எதைத் திருத்த வேண்டுமென்று தெரிந்தால் பிள்ளை அடுத்த தவணைக்குள் அதைத் திருத்திக்கொள்வாள் அல்லவா?

மற்றப்படி, சேர்க்க விரும்புவோர் அறிந்திருக்க வேண்டியவை இவை. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சப்பாத்து மட்டும் நாமே வாங்க வேண்டும். சீமெந்துத் திடல் என்பதால் அடி தேய்ந்த சப்பாத்து வழுக்கும். பயிற்சி நான்கு மணிக்கு முடிவதால் மூன்றரை மணி ரியூசனை மாற்ற வேண்டியிருக்கும். நாங்கள் கணிதத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டோம். வரும் தை மாதத் தெரிவுக்கும் மகள் பெயர் கொடுத்திருக்கிறாள்.