நாலடுப்புக் காஸ் குக்கர்: சதுரமா, விலத்தி வைத்ததா?

குசினிக்கு நாலடுப்புக் காஸ் குக்கர் எடுக்கிறவர்கள் விலை, கண்ணாடித் தட்டா சில்வர் தட்டா என்று பார்ப்பார்கள். அதில் சொல்ல அதிகமில்லை. எந்தத் திருகி எந்த அடுப்புக்கு என்பதைத்தான் கடையிலேயே பார்க்கவேண்டும். நாங்கள் எடுத்தது, பின் அடுப்புகளைப் பக்கவாட்டில் விலத்தி வைத்த மாதிரி.

வழமையான மாதிரியில் அடுப்புகள் சதுரமாகவும் திருகிகள் முன்னால் ஒரே வரிசையிலும் இருக்கும். இவற்றை 24 விதமாகப் பொருத்தலாம். இடப்பக்கத் திருகிகள் இடப்பக்க அடுப்புகளுக்கு என்று வைத்தாலும் எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்பதில் 4 விதம் மிஞ்சும். விலத்தி வைத்ததில் ஒவ்வொரு திருகிக்கும் நேரே ஒரே அடுப்புத்தான். சாப்பானிஸ், லிண்டன்பாம் என்ற ஆய்வாளர்கள் 1959இல் நாலு அமைப்புகளை ஒப்பிட்டபோது, விலத்திய அமைப்பில் ஒரு பிழையும் வரவில்லை. சதுர அமைப்புகள் மூன்றிலும் வந்தன.

பிழைத்தால் என்ன ஆகும்? சிறு தீயில் நிற்கிற சொதிக்குத் தீ கூடினால் பால் திரைந்துவிடும். லைற்றரால் பற்றவைக்கிற குக்கரில் இன்னும் மோசம்: பிழையான திருகியைத் திறந்தால் காஸ் பக்கத்து அடுப்பால் வெளியேறும். அது காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தேங்கும்.

‘அடையாளம் போட்டிருக்கிறதே’ என்பார்கள். பராமரிப்பில் கோட்டை விடுவது இங்கேதான். தட்டில் அச்சடித்த படம் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துத் தேய்த்தே அழிந்துபோகும். திருகியிலேயே அச்சடித்திருந்தால் அதைவிட ஆபத்து. கழுவக் கழற்றினால் எந்தத் திருகியும் எந்தத் தண்டிலும் பொருந்தும். ஒருநாள் இடம் மாறி, படமே பொய் சொல்லும். அடுப்பு இருக்கிற இடம் அழியாது, மாறாது.

ஒருவரே சமைக்கிற வீட்டில் பழக்கத்தால் இந்த வித்தியாசம் குறையலாம். ஆனால் பிற்ஸ், சீகர் என்ற ஆய்வாளர்கள் 1953இல் காட்டியதுபோல, பல நாள் பழகினாலும் அது முற்றாக மறையாது. நல்லூர்த் திருவிழா நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற உறவுக்காரரும் அதே அடுப்பில் தேத்தண்ணி வைப்பார்கள். அவர்களுக்கு எந்தப் பழக்கம் இருக்கிறது?

மூன்று அடுப்புப் போதுமென்றால், பின்னடுப்பு நடுவிலும் அதன் திருகி நடுவிலும் உள்ளதை எடுங்கள், பிரச்சினையே இல்லை.

விலத்தியதன் குறை அகலம். சதுரத்துக்கு வெட்டின குசினி மேடைக் கல்லில் அது இறங்காமல் போகலாம். குக்கரை எடுத்த பிறகே கல்லை வெட்டுவியுங்கள். பெரிய புட்டுப் பானையையும் கடைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பக்கத்துச் சட்டியில் முட்டக்கூடாது. பிறகு அடையாளங்களைக் கையால் மறைத்துவிட்டு, சமைக்கப் போகிறவரிடம் ஒவ்வோர் அடுப்பாகக் காட்டித் திருகியைத் தொடச் சொல்லுங்கள். கை ஒருதரம் தயங்கினாலும் அந்த மாதிரி வேண்டாம்.