ஆராதனைத் திட்டக் குழு: சில வருஷம் நடத்திப் பார்த்த பிறகு

தூத்துக்குடிப் பக்கம் உள்ள எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஆராதனையைத் திட்டமிடத் தனிக்குழு வைத்துச் சில வருஷங்கள் ஆகின்றன. கொயரும் (பாடகர் குழு) ஐயரும் (சபைப் போதகர்) இருக்கும்போது இது எதற்கு என்று பக்கத்துச் சேகரங்களிலிருந்து (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) கேட்கிறார்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் புதுமை செய்வதற்கென்றே கூடுகிற குழு சீக்கிரம் களைத்துவிடும். வேதபாடத்தை முன்கூட்டியே சேர்ந்து வாசிக்கிற குழுதான் நிலைக்கும்.

எங்கள் வேலை அல்மனாக்கிலிருந்து (திருச்சபையின் ஆண்டு நாட்காட்டி) தொடங்குகிறது. அந்தந்த ஞாயிறுக்கான தலைப்பு, பழைய ஏற்பாடு, நிருபம் (அப்போஸ்தலர் எழுதிய கடிதம்), சுவிசேஷம், சங்கீதம் எல்லாம் அதில் இருக்கிறது. ஐந்தாறு வாரத்துக்கு முன்பே உட்கார்ந்து அந்தப் பகுதிகளைச் சத்தமாக வாசிக்கிறோம். முதல் அரைமணி நேரம் யாரும் பாட்டுப் பெயர் சொல்லக்கூடாது. எந்த வார்த்தை மனதில் தைத்தது என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பாட்டை முதலில் எடுத்தால், தெரிந்த பாட்டுக்கு ஏற்றபடி வசனத்தை வளைக்கத் தொடங்கிவிடுவோம். இந்த ஒரு கட்டுப்பாடு எங்களுக்குக் கொடுத்த பலனை வேறு எதுவும் கொடுக்கவில்லை.

குழுவில் கொயர் மாஸ்டர், ஞாயிறு பள்ளி டீச்சர், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர், வாலிபர் சிலர், மைக் பார்க்கிற தம்பி, கோவில்குட்டியார் (கோவிலைப் பராமரிக்கிற ஊழியர்) இருக்கிறார்கள். கோவில்குட்டியாரை விட்டுவிடாதீர்கள். எந்தப் பெஞ்சை நகர்த்தலாம், எந்தப் பாட்டியால் முழங்கால் போட முடியாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஐயரும் கட்டாயம் வரவேண்டும். ஆனால் கடைசியில் பேசவேண்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் "சரிங்கய்யா" என்று முடித்துக்கொள்வார்கள்.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம் செய்வதுதான் வழக்கம். ஒரு வருஷம் ஐந்தாம் வார்த்தையான "தாகமாயிருக்கிறேன்" என்பதை உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் கொடுத்தோம். எழுதிக் கொடுத்தால் வாசிக்க மாட்டேன் என்றார். அதனால் ஞாயிறு பள்ளி டீச்சர் சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போய் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். எதைச் சொல்வது என்பது அந்தப் பேச்சிலேயே திரண்டு வந்தது. இருட்டோடு வேலைக்குப் போவது, வெயில் ஏறியதும் உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசவைப்பது, கொண்டுபோன தண்ணீர் மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துபோவது. இவ்வளவையும் நின்ற இடத்திலிருந்து நிதானமாகச் சொல்லிவிட்டு யோவான் 19:28ஐ மனப்பாடமாகச் சொன்னார். எங்கள் சபையில் பாதிப்பேர் வீட்டிலாவது உப்பளத்துக் கதை ஒன்று இருக்கும். ஆனால் அதுவரை அந்தக் கதை பலிபீடத்துப் பக்கம் வந்ததே இல்லை. படைப்பாற்றல் என்று நான் நினைப்பது இதைத்தான். இதற்கு விளக்கு அலங்காரமோ நாடகமோ தேவைப்படவில்லை.

முறைமையை, அதாவது வகுத்து வைத்த ஆராதனை ஒழுங்கை, தூக்கிப்போட்டால்தான் புதுமை வரும் என்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். 1947இல் பல மரபுச் சபைகள் சேர்ந்து உருவானது தென்னிந்தியத் திருச்சபை. 1950இல் அது வகுத்த நற்கருணை (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) முறைமையில் ஐயர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நின்றதும், சமாதானத்தைக் கையோடு கை சேர்த்துப் பகிர்ந்ததும் அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. முறைமைக்குள்ளேயே புதுமை இருப்பதால் பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், நற்கருணை ஜெபம் ஆகியவற்றில் நாங்கள் கை வைப்பதில்லை. ஆராதனைக்கு அழைப்பு, வேதவாசிப்பு, மன்றாட்டு, காணிக்கை ஆகியவற்றில் இடம் தாராளமாக இருக்கிறது. ஒரு ஞாயிறுக்கு ஒரு புது அம்சம் போதும். இரண்டானால் சபை ஜெபிப்பதை விட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கும்.

பாட்டைப் பொறுத்தவரை பாமாலை (மேற்கத்திய மெட்டுப் பாட்டுகள்), கீர்த்தனை (கர்நாடக ராகப் பாட்டுகள்) இரண்டுமே வேண்டும் என்பது எங்கள் முடிவு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளுக்குக் கீபோர்டு ரிதம் போடுவதில்லை. அது ராகத்தை அமுக்கிவிடுகிறது. புதுப் பாட்டு என்றால் ஆராதனைக்கு முன்பே சபைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

முடிவுகளைக் கைபேசிக் குழுவில் போடுவது எங்களுக்குச் சரிப்படவில்லை. காலை வாழ்த்துகளுக்கு நடுவில் எல்லாம் காணாமல் போகிறது. எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரே அட்டவணையில் தேதி, தலைப்பு, பாடங்கள், பாட்டு எண், பொறுப்பாளர் என்று எழுதிவிடுவது நல்லது. திரையில் போடும் பாட்டுகளை யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது வேறு கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும்.

சோர்வுதான் பெரிய பிரச்சினை. திருவருகைக் காலமும் (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்) வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸும் சேர்ந்து வரும்போது ஆட்கள் ஓய்ந்துபோகிறார்கள். அதனால் இப்போது காலத்துக்கு ஒரு அணி: லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) பார்த்தவர்களுக்குக் கிறிஸ்துமஸில் ஓய்வு. சின்னக் கிராமச் சபைக்கு இவ்வளவு பேர் வேண்டாம், மூன்று பேர் இருந்தாலே தொடங்கலாம்.

இன்னொன்று, ஐயர்மார் மாற்றலாகிப் போவார்கள். புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார். ஆராதனை முடிந்த அன்றே முறைமைத் தாளின் ஒரு பிரதியையும், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது, பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பையும் ஒரு கோப்பில் சேர்த்து வெஸ்ட்ரி (ஐயர் அங்கி அணியும் கோவில் அறை) அலமாரியில் வையுங்கள். சாவி கோவில்குட்டியாரிடம் இருக்கட்டும்.