மலையக டவுனுக்கு எது சரி: மஞ்சள் கடவையா, சிக்னலா, மேடா?

டவுனில் யாராவது அடிபட்டால் மறுநாளே "இங்க சிக்னல் லைட் போடுங்க" என்று சத்தம் எழும். நியாயமான கோபம்தான், ஆனால் எந்த மாதிரி சிக்னல், எந்த இடத்தில் என்று கேட்க ஆளில்லை.

மஞ்சள் கடவை, அதாவது வீதியில் மஞ்சள் கோடு போட்ட பாதசாரிக் கடவைக்குச் செலவு பெயின்ட் மட்டும். பாதசாரிக்குத்தான் முன்னுரிமை, பச்சைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் சம்பளம் போட்ட கையோடு வரும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பக்கம் நின்று பாருங்கள்: பஸ் ஒன்று மரியாதையாக நிற்கும், இரண்டு கையிலும் பையோடு ஒரு அம்மா இறங்கி நடப்பார், நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஒரு த்ரீவீல் வெட்டி வரும், பஸ் மறைப்பதால் அவருக்கு த்ரீவீலும் தெரியாது, டிரைவருக்கு அவரும் தெரியாது. நிறுத்தக் கோட்டைக் கடவைக்குச் சில மீட்டர் முன்னாலேயே போட்டால் இந்த மறைப்பு குறையும். நுவரெலியாப் பக்கத்து மூடுபனியில் மங்கிய பெயின்ட் கண்ணில் படுவதே கஷ்டம்.

நேரம் வைத்து மாறும் சிக்னல் கண்டி மாதிரி பெரிய சந்திக்குச் சரி. அங்கேயும் ஒரு வில்லங்கம் உண்டு: நமக்குப் பச்சை எரியும்போதே வண்டிகளும் திரும்பும். நடப்பவருக்கு 3 முதல் 7 விநாடி முன்னதாகப் பச்சை கொடுத்தால், வண்டி திரும்புவதற்குள் அவர் டிரைவரின் கண்ணுக்கு நேரே வந்துவிடுவார். சின்ன டவுனில் இரவு ஆளே இல்லாமல் சிவப்பு எரிந்தால் யார் நிற்பார்கள்?

பட்டன் சிக்னல், நடப்பவர் பட்டனை அழுத்தினால்தான் வண்டியை நிறுத்தும், அதனால் சின்ன டவுனின் நேர் வீதிக்கு என் ஓட்டு இதற்குத்தான். சிக்கல் விநாடிக் கணக்கில். விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்தால் 9 மீட்டர் வீதிக்கு 7.5 விநாடி போதும், முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 11 விநாடிக்கு மேல் வேண்டும். ஆள் இன்னும் வீதியில் இருக்கிறாரா என்று சென்சார் பார்த்து வண்டிகளுக்கான சிவப்பை நீட்டும் வகையும் இருக்கிறது, வாங்கினால் அதை வாங்க வேண்டும். அப்புறம், நடப்பவருக்கான பச்சை மனிதன் விளக்கு மினுங்கினால் இறங்கியவர் முடிக்கலாம், புதிதாக இறங்கக் கூடாது; பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் எந்த சிக்னலுக்கும் கரண்ட் வேண்டும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டையே பார்த்தவர்கள் நாம். மேடாக உயர்த்திய கடவைக்கு அந்தக் கவலை இல்லை, வண்டி தானாக வேகம் குறையும். 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் 30இல் தேவைப்படுவதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஈர இறக்கத்தில் இரண்டுமே இன்னும் நீளும். பாடசாலை வாசலுக்கு மேடுதான், மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட வழி விட்டுக் கட்டினால்.

வளைவு முடிந்ததும் வரும் செங்குத்து இறக்கத்தில் இதில் எதுவும் வேண்டாம். கடவையைத் தூரத்திலிருந்தே தெரியும் இடத்துக்கு மாற்றுங்கள், பஸ் நிறுத்தத்தையும் சேர்த்து, இல்லாவிட்டால் சனம் பழைய இடத்திலேயேதான் குறுக்கே ஓடும்.