பல வரி ஸ்ட்ரிங்குகளில் வரி முடிவு: எங்கே கட்டுப்படுத்துவது?

ஸ்ட்ரிங் (நிரலில் எழுதும் உரைத் துண்டு) பல வரிகளுக்கு நீளும்போது ஒவ்வொரு வரியும் எந்தக் குறியில் முடிய வேண்டும் என்பதை எங்கே கட்டுப்படுத்துவது? சி ஷார்ப்பில் எழுதும் ஒரு திட்டத்துக்காக அண்மையில் நாங்கள் இதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எஸ்க்யூஎல் வினவல்கள், மின்னஞ்சல் வார்ப்புருக்கள், சோதனைகளில் எதிர்பார்க்கும் வெளியீடுகள் என்று பல வரிகளுக்கு நீளும் ஸ்ட்ரிங்குகள் அதில் ஏராளம். குழுவில் சிலர் விண்டோஸில் வேலை செய்கிறார்கள், சிலர் லினக்ஸிலும் மேக்கிலும். ஒரே கமிட் (கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேமித்த ஒரு நிலை), ஒரே சோதனை. ஒருவர் கணினியில் பச்சை (தேர்ச்சி), இன்னொருவர் கணினியில் சிவப்பு (தோல்வி). எதிர்பார்த்த ஸ்ட்ரிங்கையும் கிடைத்த ஸ்ட்ரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகின்றன.

அவற்றின் நீளத்தை அச்சிட்டால் விஷயம் வெளியே வருகிறது. அ, ஆ, இ என்று மூன்று வரிகளில் மூன்று எழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரி முடிவு எல்எஃப் (லினக்ஸிலும் மேக்கிலும் வழக்கமான ஒற்றைக் குறி) என்றால் ஸ்ட்ரிங்கின் நீளம் 5. சிஆர்எல்எஃப் (விண்டோஸில் வழக்கமான இரட்டைக் குறி) என்றால் 7. முதலாவதில் வரிகளுக்கு நடுவே 10 என்ற குறியீடு மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் 13 (சிஆர்), 10 (எல்எஃப்) என்று இரண்டு. இதற்கு ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து பெறும் சுருக்க அடையாளம்) கணக்கிட்டால் முற்றிலும் வேறு மதிப்பு வரும். 10 இருக்கும் இடங்களில் வெட்டிப் பிரித்தால் முதல் இரண்டு துண்டுகளின் வாலில் கண்ணுக்குத் தெரியாத 13 ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டை நிரலின் அகராதியில் (டிக்ஷனரி) திறவுகோலாகத் தேடினால் கிடைக்காது. ஒரே கோப்பில் இரண்டு வகையும் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஒரே ஸ்ட்ரிங்குக்குள் ஒரு வரி ஒரு விதமாகவும் அடுத்த வரி வேறு விதமாகவும் முடியும்.

எல்லா மொழிகளிலும் இந்தத் தொல்லை இல்லை. ஜாவாவில் 2020-இல் 15-ஆம் பதிப்போடு நிலைபெற்ற டெக்ஸ்ட் பிளாக்குகள், மூலக் கோப்பு எப்படி இருந்தாலும் வரி முடிவை எல்எஃப் ஆக்கிவிடுகின்றன. ஜாவாஸ்கிரிப்டின் டெம்ப்ளேட் ஸ்ட்ரிங்குகள், பைத்தானின் மும்மேற்கோள் ஸ்ட்ரிங்குகள், ஸ்விஃப்டின் பல வரி ஸ்ட்ரிங்குகள் ஆகியவையும் அப்படியே. கோ மொழி, ரா ஸ்ட்ரிங்கில் வரும் சிஆர் குறிகளைத் தூக்கி எறிந்துவிடுகிறது. இவற்றில் மட்டுமே எழுதுபவர்கள் கவலையின்றி இருக்கலாம். சி ஷார்ப்பின் வெர்பாட்டிம் ஸ்ட்ரிங்கும், சி ஷார்ப் 11-இல் வந்த ரா ஸ்ட்ரிங்கும், பிஹெச்பியின் ஹியர்டாக்கும் கோப்பில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதாவது, நிரலின் ஒரு மதிப்பை அந்தக் கோப்பு வட்டில் எப்படிக் கிடக்கிறது என்பது தீர்மானிக்கிறது. கோப்பு எப்படிக் கிடக்கும் என்பதையோ ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள கிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு (வரி முடிவைத் தானாக மாற்றும் விருப்பம்) தீர்மானிக்கிறது.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

பல வரி ஸ்ட்ரிங்கையே தவிர்த்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் பேக்ஸ்லாஷ் என் (\n, எல்எஃப் குறி) என்று வெளிப்படையாக எழுதுவது முதல் வழி. இதைவிட உறுதியானது வேறில்லை. ஆனால் நாற்பது வரி எஸ்க்யூஎல் வினவலை இப்படி எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு அதை யாரும் திருத்தத் துணியமாட்டார்கள். எச்டிடிபி தலைப்புகள், எஸ்எம்டிபி உரையாடல் போன்றவற்றில் நெறிமுறையே சிஆர்எல்எஃப் கேட்கிறது. அங்கே மட்டும் இந்த வழிதான் சரி. அங்கே வரி முடிவு என்பது தரவின் ஒரு பகுதி, அதை எழுதியே காட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, ஸ்ட்ரிங்கை எழுதிவிட்டு ஓடும் நேரத்தில் சீராக்குவது. டாட்நெட் 6-இல் இதற்கென்றே ரீப்ளேஸ்லைன்எண்டிங்ஸ் என்ற மெத்தட் வந்துவிட்டது. பார்க்க எளிமையானது, அருகில் போனால் முட்கள் தெரியும். எதுவும் கொடுக்காமல் அழைத்தால் அது ஓடும் இயங்குதளத்தின் வரி முடிவுக்கு மாற்றுகிறது. ஆகவே விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் ஒன்று என்ற பழைய வேறுபாடு திரும்பி வருகிறது. எல்எஃப் வேண்டும் என்று சொல்லித்தான் அழைக்க வேண்டும். அதோடு சிஆர், எல்எஃப் தவிர ஃபார்ம் ஃபீடு, யூனிகோடின் வரிப் பிரிப்பான், பத்திப் பிரிப்பான் ஆகியவற்றையும் அது மாற்றிவிடும். இடையில் மாறிகளைச் செருகிய ஸ்ட்ரிங்கின் மேல் அழைத்தால், செருகப்பட்ட பயனர் தரவின் வரி முடிவுகளும் சேர்ந்து மாறும். கிடைக்கும் மதிப்பு கான்ஸ்ட் (தொகுக்கும்போதே தெரியும் மாறிலி) ஆக இருக்காது என்பதால் அட்ரிபியூட்டுக்குள்ளோ ஸ்விட்ச் கேஸிலோ அதைப் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது வழி, களஞ்சியத்தின் (கிட் பராமரிக்கும் திட்டக் கோப்புத் தொகுப்பு) வேரில் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு (கோப்புகளைக் கிட் எப்படிக் கையாள வேண்டும் என்ற விதிகள் உள்ளது) வைத்து, உரைக் கோப்புகள் எல்லாம் எந்த இயங்குதளத்திலும் எல்எஃப் ஆகவே வெளியே வர வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது. நாங்கள் இதைத்தான் எடுத்தோம். எடுக்க வைத்த காரணம் ஒன்றே ஒன்று: பராமரிப்பு.

இன்று இருக்கும் ஸ்ட்ரிங்குகளைச் சரிசெய்ய எந்த வழியும் போதும். கேள்வி, இன்னும் சில மாதங்களில் புதிதாகச் சேரும் ஒருவர் எழுதப்போகும் ஸ்ட்ரிங்கைப் பற்றியது. இரண்டாவது வழியில் அவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அது நினைவுக்கு வர வேண்டும், மறந்தால் மதிப்பாய்வு செய்பவர் கண்ணில் பட வேண்டும். இல்லாத ஓர் அழைப்பைக் கண்டுபிடிப்பது மதிப்பாய்வில் மிகக் கடினமான வேலை. இருக்கும் தவறு உறுத்தும், விடுபட்டது உறுத்தாது. அவர் லினக்ஸில் எழுதினால் சோதனையும் காட்டிக்கொடுக்காது. மூன்றாவது வழியில் அவர் எதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. விதி களஞ்சியத்தோடு சேர்ந்தே பயணிக்கிறது, தனிநபரின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பைவிட அதற்கே முன்னுரிமை. கணினியை மாற்றினாலும் கிட்டைப் புதிதாக நிறுவினாலும் விளைவு மாறாது. வருடக்கணக்கில் வாழப்போகும் நிரலில், மனிதர்களின் நினைவாற்றலை நம்பாத தீர்வுக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

குறைகளும் உண்டு. பழைய களஞ்சியத்தில் சிஆர்எல்எஃப் ஏற்கெனவே கமிட் ஆகியிருந்தால், ரீநார்மலைஸ் விருப்பத்தோடு கிட் ஆட் கொடுத்து எல்லாவற்றையும் ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த ஒரு கமிட்டில் அந்தக் கோப்புகளின் எல்லா வரிகளும் மாறியதாகப் பதிவாகும்; பிறகு பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை) பார்த்தால் அந்தக் கமிட் செய்தவர் பெயரே எங்கும் வந்து நிற்கும். கிட் 2.23 முதல் அத்தகைய கமிட்டுகளைப் பட்டியலிட்டு பிளேமில் ஒதுக்கிவிட வழி இருக்கிறது. அப்போது திறந்திருக்கும் கிளைகளை இணைக்கையில், மெர்ஜுக்கும் ரீநார்மலைஸ் விருப்பம் கொடுத்தால் வீண் மோதல்கள் குறையும். எங்கள் களஞ்சியம் நடுத்தர அளவுதான். நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் ஒன்றில் இந்த மாற்றம் எவ்வளவு வலிக்கும் என்பதை நான் அனுபவத்தில் பார்த்ததில்லை.

இன்னொரு நுணுக்கம். விண்டோஸில் எடிட்டர் ஒரு புதிய கோப்பை சிஆர்எல்எஃப் ஆக உருவாக்கினால், கிட் அதை உள்ளே எல்எஃப் ஆகச் சேமிக்கும். வட்டில் உள்ள பிரதியோ அப்படியே இருக்கும். அடுத்த முறை கிட் தொடும்போது மாறும் என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் அச்சிடும். அதுவரை எழுதியவர் கணினியில் மட்டும் சோதனை தோற்கும். அதனால் எடிட்டர்கான்ஃபிக் (எடிட்டர்களுக்கான பொது அமைப்புகள் உள்ள) கோப்பிலும் எல்எஃப் என்று குறித்துவைத்தோம். விண்டோஸின் பேட்ச் (.bat) கோப்புகளுக்கு மட்டும் சிஆர்எல்எஃப் என்று விலக்கு அளித்தோம்.

கிட்டுக்கு வெளியே கைமாறும் நிரலுக்கு என் பரிந்துரை வேறு. யாரோ நகலெடுத்துத் தம் திட்டத்தில் ஒட்டிக்கொள்ளப்போகும் துண்டு நிரல், வேறொரு கருவி உருவாக்கித் தரும் மூலக் கோப்பு ஆகியவற்றோடு கிட்ஆட்ரிபியூட்ஸ் கூடவே போகாது. அங்கே இரண்டாவது வழியே பாதுகாப்பு. வெளியிலிருந்து வரும் கோப்புகள், படிவங்கள் ஆகியவற்றின் உரையையும் நிரலுக்குள்தான் சீராக்க வேண்டும். களஞ்சிய விதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

முடிவெடுக்கும் முன் உங்கள் களஞ்சியத்தில் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை இஓஎல் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கிட்டின் உள்ளே என்ன வரி முடிவு, வட்டில் என்ன, பொருந்தும் விதி என்ன என்று மூன்றையும் அது வரிசையாகக் காட்டும். மிக்ஸ்ட் (இரண்டும் கலந்தது) என்று வரும் கோப்புகளை முதலில் திறந்து, அவற்றில் பல வரி ஸ்ட்ரிங் இருக்கிறதா என்று தேடுங்கள். நாங்கள் இதே கட்டளையைத் தானியங்கிக் கட்டமைப்பிலும் சேர்த்திருக்கிறோம்: கிட்டின் உள்ளே மிக்ஸ்ட் என்று ஒரு கோப்பு தென்பட்டாலும் பில்ட் நின்றுவிடும்.