ஆமைக்கு யூவி விளக்கு என்று சொல்லி 6,800 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனம்!

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். விளக்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குட்டி. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்து வளர்க்கிறோம். வெயில் அடிக்கிற நாளில் முற்றத்தில் விட்டாலே போதும். ஆனால் நம்ம ஊரில் ஆனி ஆடிச் சாரல் பிடித்தால் சூரியனைப் பார்க்க முடியாது, ஐப்பசி கார்த்திகையிலும் அதே கதைதான். வெயிலில் இருக்கிற யூவிபி என்ற புற ஊதாக் கதிர் படாவிட்டால் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது. தின்கிற கால்சியம் எலும்பில் சேராது. அதனால்தான் நாகர்கோவில் பக்கம் வளர்ப்பு மீனும் பறவையும் விற்கிற ஒரு கடைக்கு விளக்கு கேட்டுப் போனேன்.

கடைக்காரர் ஒரு விளக்கை மாட்டினார். ஊதா நிறத்தில் எரிந்தது. கல்லாவிலிருந்து 500 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அதன் கீழே பிடித்தார். நோட்டின் நம்பர் பளிச்சென்று மின்னியது. “பாத்தீங்களா அண்ணாச்சி, யூவி வரலன்னா இது மின்னுமா? ஜெர்மன் ஐட்டமாக்கும்” என்றார். கண்ணெதிரே காட்டும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? விளக்கு, ஹோல்டர், கால்சியம் பொடி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். “மட்டிப்பழம் பிசைஞ்சு குடுங்க, நல்லா வளரும்” என்று அறிவுரை வேறு. புல் தின்கிற உயிருக்குப் பழம் கொடுத்தால் வயிறு கெட்டுப்போகும் என்பதுகூடத் தெரியாத ஆள்!

சாரல் முழுக்கக் குட்டி அந்த விளக்கடியிலேயே கிடந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தது. முதுகு ஓட்டை விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி உள்ளே போய் எழும்பியது. செம்பருத்தி இலையைக் கவ்வும், கடித்து இழுக்கத் தாடையில் பலம் இல்லை, விட்டுவிடும். மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கால்சியம் குறைந்து எலும்பு இளகிவிட்டது என்றார்.

திருவனந்தபுரத்தில் ஆமை வளர்க்கும் நண்பர் யூவிபி அளக்கும் மீட்டரோடு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பூஜ்யம். நோட்டை மின்ன வைப்பது யூவிஏ என்ற வேறு வகைப் புற ஊதாக் கதிர், கள்ளநோட்டு பார்க்கிற மெஷினில் எரிவதும் அதுதான். ஆமைக்கு வேண்டியது 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள யூவிபி. அது துளியும் இல்லாத ஊதா எல்இடிக்குத்தான் 6,800 ரூபாய்!

கடைக்குப் போய்க் கேட்டால், “முதலாளி ஊர்ல இல்ல.” அப்புறம், “உங்க வீட்ல வோல்டேஜ் சரியில்ல.” அப்புறம், “கம்பெனிக்காரன்கிட்ட கேளுங்க.” எந்தக் கம்பெனி? அட்டைப்பெட்டியில் பெயரே இல்லை. பில்லை நீட்டினேன், அதில் ‘லைட் 1’ என்றுதான் எழுதியிருக்கிறது. “யூவின்னு எங்க இருக்கு?” என்று அதே ஆள், நோட்டைப் பிடித்துக் காட்டிய அதே ஆள் கேட்கிறார். எக்ஸ்ரே படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். 6,800 ரூபாய் போனது ஒரு பக்கம், குட்டிக்குக் கால்சியம் ஊசி போடுகிறபோது அது தலையை உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்க்க வயிறு எரிகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

சரி, சொன்னபடி. நோட்டு மின்னுகிறது என்று காட்டினால் நம்பாதீர்கள், ஊதா வெளிச்சம் யூவிபி இல்லை. பெட்டியில் கம்பெனி பெயரும் யூவிபி அளவும் இருக்க வேண்டும். நல்ல விளக்கே ஆனாலும் கண்ணாடிக்கு அப்பால் வைத்தால் யூவிபி வராது. வெளிச்சம் தெரிந்தாலும் 6 முதல் 12 மாதத்தில் கதிர் குறைந்துவிடும், மாற்றுங்கள். சூட்டுக்குத் தனி பல்பு வேண்டும். அருகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி கொடுங்கள். நட்சத்திர ஆமை தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அதை வளர்ப்பதே குற்றம். பில்லில் ‘யூவிபி விளக்கு’ என்று எழுதி வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.