காட்டுப்பன்றிக்கு சோலார் வேலி: பல வெள்ளாமை பார்த்த பிறகு சொல்கிறேன்

காட்டுப்பன்றிக்கு சோலார் வேலி, அதாவது சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி, போட்டால் நிற்குமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், நிற்கும். ஆனால் மின்சாரம் விடும் பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு, கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, அத்தோடு மறந்துவிட்டால் நிற்காது. மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி என்று பன்றிக்குப் பிடித்த எல்லாவற்றையும் இந்த வேலிக்குள் வைத்துப் பல வெள்ளாமை எடுத்தாயிற்று. வேலி எந்த இடத்தில் காலை வாருகிறது, எதைக் கவனித்தால் வருஷக்கணக்கில் ஓடுகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

வேலிக்கு முன்னால் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மினுக்கு விளக்கு, பட்டாசுச் சத்தம், ரேடியோ, நாற்றம் பிடித்த கரைசல். முதல் சில இரவுகள் அசத்தலாக வேலை செய்யும், அதை நம்பித்தான் பலரும் காசைக் கொட்டுகிறோம். பன்றிக்குக் கண் மந்தம், ஆனால் மூக்கும் காதும் அபாரம், அதோடு புத்தியும் கூர்மை. புதுச் சத்தமோ புது வாடையோ வந்தால் ஒதுங்கி நிற்கும், அதனால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அதன் பக்கத்திலேயே நின்று கிழங்கைத் தோண்டும். கடலை விதைத்ததிலிருந்து முளை வரும் வரைக்கும், அந்தக் கொஞ்ச நாளைக்கு மட்டும் விரட்டிக் கரைசலை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம். மக்காச்சோளம் பால் பிடிக்கும் சமயத்தில் அதை நம்பி வீட்டில் படுத்துத் தூங்க முடியாது.

சரி, வேலிக்கு வருகிறேன். எனர்ஜைசர் என்கிற பெட்டி கம்பிக்குள் தொடர்ந்து மின்சாரம் விடுவதில்லை. சுமார் ஒரு நொடிக்கு ஒரு தடவை, கண் இமைப்பதைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு, 5000 முதல் 8000 வோல்ட் வரை ஒரு துடிப்பை அனுப்புகிறது. வலி பலமாக இருக்கும், ஆனால் துடிப்பின் ஆற்றல் அளவோடு இருப்பதாலும் இடைவெளி விட்டு வருவதாலும் சாதாரணமாக உயிருக்கு ஆபத்து இல்லை. வாங்கும்போது மின்வேலிப் பெட்டிகளுக்கான ஐஇசி 60335-2-76 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு கரண்டை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது வேலி ஆகாது, அது கொலைப்பொறி. மனிதர்களும் யானைகளும் அப்படிச் செத்திருக்கிறார்கள், பயிர் எவ்வளவு அழிந்தாலும் அதற்குச் சமாதானம் கிடையாது. முள்கம்பியிலும் இந்த மின்சாரத்தை விடக்கூடாது, மாட்டிக்கொண்ட உயிர் விடுபட முடியாமல் திரும்பத் திரும்ப அடி வாங்கும்.

கம்பி உயரம்தான் அடுத்தது. பன்றியின் உடம்பு முழுக்க முரட்டு மயிர், அதன் மேல் கம்பி பட்டால் பெரிதாக உறைக்காது. ஈரமான மூக்கில் பட வேண்டும். எங்களுக்கு நின்றது தரையிலிருந்து 20 செ.மீ.யில் ஒரு கம்பி, 45 செ.மீ.யில் ஒன்று, பெரிய ஆண் பன்றிக்காக 70 செ.மீ.யில் இன்னொன்று. அடிக்கம்பி மேடு பள்ளத்தை ஒட்டியே போக வேண்டும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் கம்பி அந்தரத்தில் தொங்கினால், அன்று இரவே அந்தச் சந்து பன்றிக்குத் தெரிந்துவிடும். மழை ஓய்ந்த ஒரு காலையில் பார்த்தேன், வேலியை ஒட்டி வரிசையாகக் குளம்புத் தடம், ஓரிடத்தில் மட்டும் சேறு விசிறி அடித்திருந்தது, முன்னங்கால் இரண்டும் ஆழமாக ஊன்றிப் பின்னால் சறுக்கிய கோடு. அதற்கு மேல் தடம் உள்ளே வரவில்லை, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. மூக்கில் பட்ட பன்றி பின்னால்தான் தாவும், தலை உள்ளே நுழைந்து காதுக்குப் பின்னால் பட்டால் முன்னால்தான் பாயும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் உயரத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி எர்த்திங். வேலி வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெட்டியிலிருந்து கிளம்பிய துடிப்பு கம்பி வழியாகப் பன்றிக்குள் போய், அதன் காலில் இறங்கி, மண் வழியாக எர்த் கம்பிக்கு, அதாவது பெட்டியோடு இணைத்து மண்ணில் அடித்த கம்பிக்கு, திரும்பினால்தான் சுற்று முடியும். மண் காய்ந்து கிடந்தால் திரும்பும் பாதை அடைபடும், அப்போது பத்தாயிரம் வோல்ட் காட்டினாலும் பன்றிக்குச் சுள்ளென்று படாது. எங்களுக்கு மாட்டிக் கொடுத்தவர் முழங்கை நீளக் கம்பி ஒன்றை அடித்துவிட்டுப் போய்விட்டார். கோடையில் பன்றிகள் சாவகாசமாக உள்ளே வந்து போயின. அப்புறம் ஆளுயரத்துக்கு கால்வனைஸ்டு கம்பிகள் மூன்றை, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளியில், தண்ணீர் கசியும் இடமாகப் பார்த்து அடித்து, மூன்றையும் ஒரே ஒயரில் இணைத்தோம். பெட்டி அதே பெட்டிதான், வேலி வேறு வேலி ஆகிவிட்டது. சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. பெட்டியை அணைத்துவிட்டு, அது இருக்கும் இடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி இரும்புக் கம்பிகள் சிலவற்றை வேலியில் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். மறுபடி போட்டு, வேலியின் வோல்ட் 2000க்குக் கீழே இறங்கியதும் எர்த் கம்பியில் மின்வேலிக்கான வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். 300க்கு மேல் காட்டினால் எர்த்திங் போதவில்லை, இன்னும் கம்பி அடிக்க வேண்டும். கோடையில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நாங்கள் வழக்கமாகவே வைத்திருக்கிறோம்.

அடுத்த எதிரி புல். அடிக்கம்பியில் நனைந்த புல் படர்ந்தால் ஒவ்வொரு இலையும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும். மீட்டரில் 4000க்குக் கீழே போனால் நான் அன்றே அரிவாளோடு கிளம்பிவிடுவேன். கசிவு எங்கே என்று பகலில் தேடுவது வீண் வேலை. இருட்டிய பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு வேலியோரம் மெதுவாக நடந்தால் டிக், டிக் என்று நொடிக்கொரு சத்தம் கேட்கும், நெருங்கிப் பார்த்தால் நீலப் பொறி தெறிக்கும். ஒரு தடவை எங்களுக்கு அப்படி அகப்பட்டது மயிரிழை விரிசல் விட்ட இன்சுலேட்டர் (மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் கம்பியைத் தாங்கும் துண்டு), பகலில் எத்தனையோ முறை கடந்து போயும் கண்ணில் படாதது. மலிவான பிளாஸ்டிக் இன்சுலேட்டர் வெயிலில் வெளிறி நொறுங்கிவிடும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பேட்டரியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லெட் ஆசிட் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூடாக்குப் போட்ட மழை நாட்களில் தனியாக சார்ஜ் ஏற்றுங்கள், பேனலைத் துடையுங்கள், அவ்வளவுதான்.

எப்போது போடுவது என்பதுதான் பலர் கோட்டைவிடும் விஷயம். பன்றி ஒருமுறை உள்ளே வந்து கிழங்கின் ருசி கண்டுவிட்டால் இரண்டு அடி வாங்கிக்கொண்டாவது நுழையப் பார்க்கும். பயிர் அதற்கு வாசம் காட்டும் முன்பே வேலி உயிரோடு இருக்க வேண்டும், போட்ட பிறகு ஒரு இரவுகூட அணைக்கக் கூடாது. சும்மா கம்பி மட்டும் இருந்தாலே பயந்து போய்விடும் என்று சொல்வதை நம்பாதீர்கள், மூக்கால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பிராணி அது. சுவிட்சைப் போடும் முன் உள்ளே பன்றி படுத்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிடுங்கள், உள்ளே அடைபட்டது வெளியேற வேலியையே இழுத்துக்கொண்டு ஓடும்.

வீட்டையொட்டிய சின்னக் காய்கறித் தோட்டத்துக்கு, அதுவும் குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு, மின்வேலியை நான் சொல்ல மாட்டேன். கனமான வெல்டு மெஷ் என்கிற இரும்புக் கம்பி வலை போதும். ஆனால் பன்றி வலையைத் தாண்டுவதைவிட அடியில் மூக்கைக் கொடுத்துத் தூக்கவே பார்க்கும், அதனால் 30, 40 செ.மீ. மண்ணுக்குள் புதைக்க வேண்டும், பாறைத் தரையாக இருந்தால் அரை மீட்டருக்கு வெளிப்பக்கமாக மடித்துக் கல் வைத்து இறுக்க வேண்டும்.

இந்த வேலியால் பன்றி குறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினைக்காலம் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும், ஒரு ஈற்றுக்கு நான்கைந்து குட்டி சாதாரணம். என் நிலத்தில் நுழைய முடியாதது பக்கத்து நிலத்துக்குப் போகும், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. அதனால் பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து ஒரே வேலியாக மாற்றிக்கொண்டோம். கணக்கும் அதற்குத்தான் சாதகம்: சதுரமான ஒரு ஹெக்டேருக்கு 400 மீட்டர் சுற்றளவு என்றால் நான்கு ஹெக்டேருக்கு 800 மீட்டர்தான், நிலம் நான்கு மடங்கு, வேலி இரண்டே மடங்கு. நடுவில் இருந்த கம்பியைக் கழற்றி வெளிச்சுற்றுக்குக் கொண்டுபோய்விட்டோம். பெட்டி இப்போது பக்கத்துக்காரர் மோட்டார் அறையில் இருக்கிறது, மீட்டர் பார்ப்பதும் புல் அறுப்பதும் முறை வைத்து.